வாத்தியம் நிற்காத வீடு

கச்சேரி முடிந்து நான் தந்திகளைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது தமிழ் ஆட்கள் வந்து கேட்கிற முதற்கேள்வி எனக்கு மனப்பாடம். "இது எங்கட யாழ்தானே பிள்ளை?" இல்லை. இது அயர்லாந்துக்காரரின் ஹார்ப். யாழை நானும் படத்தில்தான் கண்டிருக்கிறேன். ஆனால் கேட்கிறவர் அவ்வளவு ஆசையோடு கேட்பார். இல்லை என்றால் முகம் விழுந்துவிடும். ஆகவே, "அதின்ர ஒண்டுவிட்ட தங்கச்சி" என்று சொல்லித் தப்பிக்கொள்வேன்.

நான் வாசிப்பது ஐரிஷ் மெட்டுகள். அவற்றுக்குள் நாதஸ்வரத்தின் வளைவுகளையும் நான் இருக்கிற டென்மார்க்கின் கிராமத்து வயலின்காரரின் ஆட்ட மெட்டுகளையும் கலந்துவிடுவேன். அயர்லாந்தில் படித்த காலத்தில் அங்குள்ள பெரியவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். கோபன்ஹேகனில் ஒரு சங்கீத ரீச்சர், கமகம் இல்லாத வாசிப்பு உப்பில்லாத கஞ்சி என்றார். இரண்டு வீட்டுக்கு மருமகளாகப் போனவளுக்கு இரண்டு மாமியார் இருக்கத்தானே செய்வார்கள். அது எனக்குப் பழகிவிட்டது.

பழகாத ஒன்று இருக்கிறது. ஈழத்தில் போர் முடிந்த அந்த வைகாசியில் டென்மார்க்கில் இருந்த தமிழ் வீடுகள் எல்லாம் பாட்டை நிறுத்தியிருந்தன. பெரியபிள்ளையான சிறுமிகளின் சாமத்தியவீடுகள் தள்ளிவைக்கப்பட்டன. காரில் போகும்போதுகூட ஒருவரும் பாட்டுப் போடவில்லை. எங்கள் வீட்டில் மட்டும் மாலை தவறாமல் ஹார்ப் கேட்டது. அதுவும் சோகமான மெட்டில்லை, துள்ளுகிற மெட்டு. ஏன் என்று எங்களிடம் நேரே கேட்டவர்கள் இல்லை. முதுகுக்குப் பின்னால் கேட்காதவர்களும் இல்லை.

நாங்கள் இருந்தது கிரின்ஸ்டெட்டில். காற்றுக்கு ஒதுங்க ஒரு மேடுகூட இல்லாத ஊர். அப்பாவுக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. அம்மாவுக்கு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை. நான் பத்து வயதில் கொம்யூன் என்கிற நகரசபை நடத்துகிற சங்கீதப் பள்ளிக்கு வயலின் படிக்கப் போனேன். வயலினில் இடமில்லை. ஹார்ப்பில் ஓர் இடம் இருந்தது, ஏனென்றால் அதைப் படித்துக்கொண்டிருந்த சிறுமி அதை விட்டுவிட்டுக் குதிரைச்சவாரி பழகப் போய்விட்டாள். என் சங்கீத வாழ்க்கை ஒரு குதிரை போட்ட பிச்சை.

இந்த வாத்தியத்தைப் பற்றி இரண்டு விஷயம் சொல்லவேண்டும், பிறகு வருகிறதற்கு அவை தேவை. ஒன்று, ஒவ்வொரு தந்தியின் தலைமாட்டிலும் ஒரு சின்ன லிவர் இருக்கிறது. அதைத் தூக்கினால் அந்தத் தந்தி அரைச் சுரம் ஏறும், இறக்கினால் பழைய இடத்துக்கு வரும். வாசித்துக்கொண்டே இடக்கையால் அதைத் தட்டவேண்டும். மற்றது, ஹார்ப் தட்டியபின் தானாக ஓய்வதில்லை. ஒரு தந்தி இன்னொன்றை எழுப்பும், அது மற்றதை எழுப்பும். உள்ளங்கையை வைத்து அடக்கினால்தான் ஓயும். எழுப்புவதற்கு ஒரு வருடம் படித்தேன் என்றால் அடக்குவதற்கு ஐந்து வருடம் படித்தேன்.

ஒருவரும் தொடாமலும் அது பேசும். அறையில் ஒரு சத்தம் எழுந்தால் அதே சுரத்தில் இருக்கிற தந்தி மூலையில் மெல்ல முனகும். அப்பா தும்மினால் ஹார்ப்பும் ம்ம் என்னும். "பார், நூறு சொல்லுது" என்பார் அப்பா. ரெலிபோன் அடித்தால் மேற்பக்கத்தில் ஒரு தந்தி கூடவே நடுங்கும். அம்மா குசினிக்குள் நின்றால் ரெலிபோனைவிட அந்த நடுக்கம்தான் முதலில் அவருக்குக் கேட்கும் என்று சத்தியம் பண்ணுவார். எங்களுக்குச் சிரிப்பாக இருக்கும்.

ரெலிபோன் என்றால் அண்ணா. அண்ணா எங்களோடு வரவில்லை. அப்பா முதலில் வந்து, எங்களைக் கூப்பிடுவதற்கு எழுதிப்போட்டு, பதில் வருவதற்கிடையில் அண்ணாவுக்குப் பதினெட்டு ஆகிவிட்டது. பதினெட்டு ஆனவர் பிள்ளை இல்லையாம். அம்மாவும் நானும் விமானம் ஏறினோம். அண்ணா கையசைத்துவிட்டு, பிறகு வன்னிக்குப் போய், கிளிநொச்சியில் தண்ணீர்ப் பம்ப் திருத்துகிற கடை ஒன்று போட்டார். அம்மா இந்த நாட்டு அரசாங்கத்தை அந்த ஒரு விஷயத்துக்கு மன்னித்ததே இல்லை. காலமெல்லாம் வரி கட்டினார், மன்னிக்கவில்லை.

சண்டை ஓய்ந்திருந்த வருடங்களில் அண்ணா ஞாயிறு தவறாமல் எடுப்பார். நான் ரெலிபோனை ஹார்ப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வாசித்துக் காட்டுவேன். கட்டில் ஸ்பிரிங்கில் கல்லெறிகிற சத்தம் என்று முதலில் பழித்தார். பிறகு ஒரு ஜிக் அவருக்குப் பிடித்துக்கொண்டது. ஜிக் என்றால் ஐரிஷ்காரர் கலியாணத்திலும் சந்தையிலும் துள்ளி ஆடுகிற மெட்டு. அண்ணாவுக்குச் சங்கீதம் தெரியாது, ஆனால் விசில் தெரியும். திருவிழாவில் நாதஸ்வரக்காரருக்குப் பின்னால் விடிய விடிய நடந்தவர்.

"தங்கச்சி, மேல ஏறினவுடன ஏன் விழுந்தடிச்சு இறங்கிறாய்? கொஞ்சம் நிண்டு, வளைஞ்சு இறங்கு" என்று சொல்லிவிட்டு விசிலில் ஒரு திருப்பம் போட்டுக் காட்டினார். சுவாமி தேரில் திரும்புகிற மாதிரி ஒரு திருப்பம். அதில் ஒரு சுரம் என் தந்திகளில் இல்லை. அந்த ஒரு சுரத்துக்காக லிவரைத் தூக்கி, உடனே இறக்கவேண்டும். என்னுடையது பழைய ஹார்ப், லிவர் தூக்கினால் டக் என்று சத்தம் வரும். அண்ணா ரெலிபோனின் அந்தத் தொங்கலில் இருந்து, "அதென்ன டக் எண்டு, சுவிச் போடுறியோ?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு அவர் அந்தத் திருப்பத்தை விசிலடிக்கும்போதெல்லாம் சரியாக அந்த இடத்தில் நாக்கால் ஒரு டக் போடுவார். டக் இல்லாவிட்டால் பம்ப் ஓடாது என்பார். அயர்லாந்தில் ஹார்ப் திருத்துகிறவர் அந்த லிவரை மாற்றித் தருவதாகச் சொன்னபோது நான் விடவில்லை. வாத்தியத்தில் உள்ள குறை என்று அவர் நினைத்தார். அது எங்கள் வீட்டுப் பகிடி என்று அவருக்கு எப்படி விளங்கப்படுத்துவது?

பிறகு சண்டை திரும்பி வந்தது. கிளிநொச்சி கைவிடப்பட்டது. அண்ணா பம்புகளைப் போட்டுவிட்டுச் சனத்தோடு சனமாகக் கிழக்கே நடந்தார். நான் அயர்லாந்தில் இருந்து வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டேன், அம்மாவைத் தனியே விட முடியாது என்று அப்பா சொன்னார். ஞாயிறு என்ற கணக்கெல்லாம் போய், யாராவது ஒருவரின் சற்றலைற் போன் கிடைத்தால் அண்ணா எடுப்பார், இரண்டு வசனம் கதைப்பார், அறுந்துபோகும்.

கடைசியாக எடுத்த நாள் நான் மூலையில் இருந்து வாசித்துக்கொண்டிருந்தேன். தந்தி நடுங்கியது, அம்மா ஓடிவந்து ரெலிபோனைத் தூக்கினார். ஒன்றும் கேட்கவில்லைப்போல, நிறுத்து என்று எனக்குக் கையைக் காட்டினார். அதற்குள் அண்ணாவுக்கு ஹார்ப் கேட்டுவிட்டது. அம்மா எனக்குக் காட்டிய கை அப்படியே அந்தரத்தில் நின்றது. பிறகு, "நிப்பாட்டாதையாம். வாசிக்கட்டாம்" என்று என்னிடம் சொன்னார். நான் வாசித்தேன். ஜிக்கின் முதற்பாதியில் லைன் அறுந்தது. அண்ணா கடைசியாகச் சொன்னது அதுதான் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

இந்த நாட்டில் மே மாதம் நாலாந்திகதி மாலை சனம் யன்னல்களில் மெழுகுதிரி வைக்கும். அவர்களுடைய பெரிய யுத்தம் முடிந்த செய்தி வந்த மாலை அது. அந்த வருடமும் எதிர்வீட்டுக் கிழவி வரிசையாக வைத்திருந்தாள். அம்மா திரைச்சீலையை விலக்கி நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். எங்கட சண்டை முடிஞ்சாலும் வைப்பம் என்று சொன்னார். இரண்டு கிழமை கழித்து முடிந்தது. எங்கள் தெருவில் ஒரு தமிழ் யன்னலிலும் வெளிச்சம் இல்லை. பிறகு, பிறகு, ஒவ்வொரு வீட்டிலும் படத்துக்கு முன்னால் விளக்கு வைக்கத் தொடங்கினார்கள். எங்கள் வீட்டில் அம்மா மெழுகுதிரிகளை எடுத்துக் குப்பையில் போட்டார்.

அடுத்த நாள் அப்பா வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றுகிறார். அம்மா குசினிக்குள் இருந்து, "வாசி" என்றார். நான் விளங்காமல் பார்த்தேன். "அந்தத் துள்ளுறதை வாசி" என்றார்.

செத்தவீட்டில் சங்கீதம் கேட்கக்கூடாது என்பது எங்கள் ஆட்களுக்குச் சொல்லித்தெரியவேண்டியதில்லை. துடக்குக் கழியும்வரை பாட்டில்லை, வாத்தியமில்லை, ரீவிகூடச் சத்தமில்லாமல்தான் ஓடும். அம்மா அந்தச் சட்டத்தைத் தலைகீழாகப் பிடித்தார். வாத்தியம் கேட்கிற வீட்டில் ஒருவரும் சாகவில்லை. அவர் அதை ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. அந்த ஒற்றைச் சொல்லில் எனக்கு எல்லாம் விளங்கியது. நான் நிறுத்துகிற நாள் அண்ணா செத்த நாள் ஆகிவிடும்.

ஆகவே வாசித்தேன். எனக்கு அம்மாவில் கோபம் கோபமாக வந்தது. ஊரில் எல்லோருக்கும் வாய்விட்டு அழ ஒரு வழி இருந்தது, எனக்கு இல்லை. கண்ணீர் விட்டால் விரல் வழுக்கும். விரல் வழுக்கினால் குசினிக்குள் கரண்டிச் சத்தம் நின்றுவிடும். உடனே நான் பயந்து மெட்டைப் பிடித்துக்கொள்வேன். கரண்டி திரும்பவும் அசையும். எத்தனையோ மேடையில் வாசித்திருக்கிறேன், அந்தக் கரண்டிக்குப் பயந்ததுபோல் ஒரு சபைக்கும் பயந்ததில்லை.

வாசிக்காத நேரத்தில் இன்னும் மோசம். குளிர்ப்பெட்டி உறுமத் தொடங்கும்போது அடித்தந்தி ஒன்று கூட உறுமும். பாரலொறி தெருவால் போனால் இன்னொன்று முனகும். முன்பெல்லாம் நாங்கள் அதைக் கவனிப்பதில்லை. இப்போது தந்தி அசைந்தால் அம்மா எழும்பிவிடுவார். அடிக்காத ரெலிபோனைத் தூக்கி, "தம்பி?" என்பார். மகனை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். ஒருமுறை நான் பொறுக்கமுடியாமல் எல்லாத் தந்திகளையும் ஒரு கம்பளியால் சுற்றிக் கட்டினேன். அம்மா வந்து ஒரு சொல்லும் பேசாமல் கம்பளியை அவிழ்த்து, மடித்து, அலுமாரியில் வைத்தார்.

ஆனி மாதம் மாஸ்ரர் வந்தார். தமிழ்ப்பள்ளியை நடத்துகிறவர், அம்மாவைவிட வயதில் குறைந்தவர், நல்ல மனிதர். அவருடைய தங்கச்சி குடும்பம் ஒருவர் மிச்சமில்லாமல் போயிருந்தது. அல்பர்ட்ஸ்லுண்டில் ஒரு மண்டபம் எடுத்து எல்லோருடைய படங்களையும் வைத்து விளக்கேற்றப்போகிறோம், தம்பியின் படம் ஒன்று தரவேண்டும், பிள்ளை உருக்கமாக ஏதாவது வாசிக்கவேண்டும் என்று கேட்டார். கேட்கும்போதே அவர் குரல் உடைந்தது.

அம்மா தேத்தண்ணியை அவர் கையில் கொடுத்துவிட்டு, படம் வைக்கிறதுக்கு எங்கள் வீட்டில் ஆளில்லை என்றார். பிறகு என்னைப் பார்த்து, "வாசி" என்றார்.

எனக்கு நிலம் பிளந்து உள்ளே போனால் போதும் என்றிருந்தது. துக்கத்தோடு வந்திருக்கிற மனிதருக்கு முன்னால் கலியாணத் துள்ளல் மெட்டு. அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாசித்தேன். திருப்பம் வந்தது, டக் என்றது, கீழே இறங்கினேன். மாஸ்ரர் தலை குனிந்தபடி முழுவதையும் கேட்டார். பிறகு தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பி, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, தலையை மட்டும் அசைத்துவிட்டு வெளியே இறங்கினார்.

சாதாரண வீட்டில் இருந்து புறப்படுகிறவர் "போட்டு வாறன்", அதாவது போய்விட்டு வருகிறேன், என்று சொல்லுவார். செத்தவீட்டில் இருந்து புறப்படுகிறவர் சொல்லமாட்டார். அப்படியொரு வீட்டுக்குத் திரும்பவும் வருவேன் என்று ஆர் சொல்லுவார்? பேசாமல் எழும்பிப் போய்விடவேண்டும். மாஸ்ரர் வேண்டுமென்று செய்யவில்லை. அந்த ஒரு மாதத்தில் அவர் போன வீடெல்லாம் செத்தவீடு. கால் தானாகப் பழகிவிட்டது.

அம்மா வாசல்வரை போனார். "மாஸ்ரர், நீங்கள் சொல்லேல்லை."

அவருக்கு முதலில் பிடிபடவில்லை. பிடிபட்டதும் முகம் வெளுத்துவிட்டது. "மறந்துபோனன் அக்கா."

"அப்ப சொல்லிப்போட்டுப் போங்கோ."

மாஸ்ரர் காற்றில் நின்றுகொண்டு, "போட்டு வாறன் அக்கா" என்றார். அவர் கண் நிரம்பியிருந்தது. அம்மா, "ஓம், வாங்கோ" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

அந்தக் கதை காற்றைவிட வேகமாகப் போயிருக்கவேண்டும். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வருகிற தமிழ் ஆட்கள் எல்லோரும் புறப்படும்போது உரத்துச் சொன்னார்கள். டெனிஷ் மட்டுமே கதைக்கிற பிள்ளைகள்கூட, தாய்மார் முதுகில் இடிக்க, அந்த இரண்டு தமிழ்ச் சொல்லையும் சொல்லிவிட்டுக் காருக்கு ஓடுவார்கள். மறந்தவர்களுக்கு அப்பா நினைவூட்டுவார். அதுவே அப்பாவின் வேலையாகிவிட்டது. மகனைப் பற்றி வேறெதுவும் அவர் கதைத்து நான் கேட்டதில்லை.

வருடங்கள் போயின. நான் சுற்றியுள்ள ஊர்களின் சங்கீதப் பள்ளிகளில் படிப்பித்தேன். ஹார்ப்பைக் காரின் பின்சீற்றில் வைத்து பெல்ற் போட்டுக் கட்டிக்கொண்டு போய், மாலையில் திரும்பக் கொண்டுவருவேன். மாலை வாசிப்பு நிற்கவில்லை. கச்சேரிகளும் வந்தன. ஒரு டெனிஷ் வயலின்காரரோடு சேர்ந்து அந்த ஜிக்கை மேடைக்குக் கொண்டுபோனேன், அண்ணாவின் திருப்பத்தோடு. ஐரிஷ் மெட்டில் தமிழ் வளைவு என்று பத்திரிகைக்காரர் ஒருவர் பாராட்டி எழுதினார். பம்ப் கடைக்காரர் ஒருவர் ரெலிபோனில் தந்தது என்று அவருக்கு நான் சொல்லவில்லை.

ஸ்கீவ என்கிற ஊரில், நூலக மண்டபத்தில் ஒரு கச்சேரி. அங்கே உள்ள தமிழ் ஆட்களும் கொஞ்சப்பேர் வந்திருந்தார்கள். முடிந்ததும் வழக்கமான யாழ்க் கேள்வி, வழக்கமான ஒன்றுவிட்ட தங்கச்சி. எல்லோரும் கலைந்தபிறகும் ஒருவர் மட்டும் கதிரைகளுக்கு நடுவில் நின்றார். மெலிந்த மனிதர், நாற்பது வயதிருக்கும், பழைய ஜக்கெற். நாட்டுக்குப் புதிது என்று முகத்தில் எழுதியிருந்தது. கிட்ட வந்தார். என்னை ஒன்றும் கேட்கவில்லை. உதட்டைக் குவித்து மெல்ல விசிலடித்தார். மேலே ஏறி, நின்று, வளைந்து இறங்குகிற அந்தத் திருப்பம். சரியான இடத்தில், நாக்கால், டக்.

ஜிக்கை அவர் சற்று முன்தான் கேட்டார். விசிலடிப்பது பெரிய காரியமில்லை. ஆனால் மேடையில் வயலின் கூட ஒலிக்கும்போது லிவரின் சத்தம் முன்வரிசைக்குக்கூடக் கேட்பதில்லை. அவர் இருந்தது கடைசி வரிசை. அந்த டக்கை உலகத்தில் நாக்கால் போடுகிறவர் ஒருவர்தான் இருந்தார். நான் கதிரையில் இருந்துவிட்டேன்.

"பம்ப் திருத்திற அண்ணை" என்றார் அவர். "கடைசியில நாங்கள் ஒரே பங்கருக்குள்ள இருந்தனாங்கள்."

மிச்சத்தை அவர் நின்றுகொண்டே சொன்னார். பங்கருக்குள் சின்னப் பிள்ளைகள் செல் விழுகிற சத்தத்துக்குக் கத்துவார்களாம். அண்ணா இந்த விசிலை அடிப்பாராம். டக் போடுவது பிள்ளைகளின் முறை. ஆர் போடுவது என்று அவர்களுக்குள் சண்டை வருமாம். தங்கச்சி வெளிநாட்டில் பெரிய வாத்தியம் வாசிக்கிறாள் என்று அண்ணா சொன்னாராம். ஒரு விடிகாலை தண்ணீர் எடுக்க வெளியே போனவர் திரும்பி வரவில்லை. இவர்தான் போய்ப் பார்த்திருக்கிறார். கடற்கரை மணலில் என் கையாலேயே தோண்டி மூடினேன் என்றார். அந்தக் கைகளை என் முன்னால் விரித்துக் காட்டினார். நான் அவற்றைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அத்தனை வருடங்களில் விரல் வழுக்குமே என்று பயப்படாமல் அழுதது அன்றைக்குத்தான்.

அம்மா என்னைக் கொண்டு வாசிப்பித்தது அண்ணாவை உயிரோடு வைத்திருக்க. அந்த வாசிப்புத்தான் போய் அவருடைய சாவுச் செய்தியைத் தேடிப்பிடித்துக் கொண்டுவந்தது. வீட்டுக்குக் கார் ஓட்டிக்கொண்டு வரும்போது பின்சீற்றில் ஒவ்வொரு குலுக்கலுக்கும் தந்திகள் முனகின. ரேடியோவைப் போட்டேன். அது இன்னும் மோசமாக முனகியது. நிறுத்திவிட்டேன்.

நானே அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்குத் தெரியும், நான் வாயைத் திறந்தால் அம்மா, "வாசி" என்பார். வாசித்தபிறகு சொல்லவும் முடியாது. ஆகவே அந்த மனிதரை வீட்டுக்கு வரக் கேட்டேன். எங்கள் ஊருக்கு ஞாயிற்றுக்கிழமையில் பஸ்ஸை நம்பி வரமுடியாது, நானே போய் ஏற்றிவந்தேன். வழியெல்லாம் அவர் கையைத் தொடையில் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா தேத்தண்ணி கொடுத்தார். எந்த ஊர், எப்போது வந்தது, ஆரோடு இருக்கிறது என்று அப்பா கேட்டார், அவர் பதில் சொன்னார். அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். விளங்கிவிட்டது என்று நினைக்கிறேன். வீட்டுக்கு வந்த புதியவரை நான் ஏன் இத்தனை தூரம் போய் ஏற்றிவரவேண்டும்?

"என்ர பிள்ளையைத் தெரியுமோ தம்பி?" என்று அம்மா கேட்டார்.

"ஓம் அம்மா" என்றார் அவர். இரண்டுதரம் வாயைத் திறந்து மூடினார். பிறகு, கதைக்க முடியாத மனிதர் வேறென்ன செய்வார், உதட்டைக் குவித்து விசிலடித்தார்.

விசிலுக்குத் தந்திகள் எழும்புவதுபோல் மனிதக் குரலுக்குக்கூட எழும்புவதில்லை. அவர் ஒவ்வொரு சுரமாக ஏற, மூலையில் ஹார்ப் ஒவ்வொரு தந்தியாகக் கூட ஏறியது. ஒருவரும் அதற்குப் பக்கத்தில் இல்லை. திருப்பம் வந்தது. நாக்கால் டக் என்றார். அப்பாவின் தொண்டைக்குள் இருந்து ஒரு சத்தம் வந்தது. விசில் நின்றபிறகும் ஹார்ப் ஓயவில்லை, அறை முழுவதும் அந்தத் திருப்பம் நின்றுகொண்டிருந்தது. அண்ணா அந்த அறையில் இருந்தார் என்று நான் எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள். இருந்தார்.

அம்மா எழும்பினார். அத்தனை வருடத்தில் தூசு தட்டக்கூட அவர் அந்தத் தந்திகளைத் தொட்டதில்லை, என் பொருள் என்று விட்டுவிடுவார். நேரே போய் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துத் தந்திகளின் மேல் வைத்தார், நான் வைப்பதைப் பார்த்துப் பார்த்துப் பழகியவர்போல, சரியாக, ஒரு முனகலும் மிஞ்சாமல். அறை ஓய்ந்தது.

"காணும் பிள்ளை" என்றார். என்னைப் பார்த்து அல்ல, தந்திகளைப் பார்த்து. "நிப்பாட்டு."

பிறகு அந்த மனிதருக்கு எதிரே வந்து இருந்து, எல்லாவற்றையும் சொல்லச் சொன்னார். அவர் சொன்னார். அம்மா இடையில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், மணல் ஆழமாகத் தோண்டினீங்களோ என்று. ஓம் அம்மா, ஆழமாக என்றார் அவர். அம்மா அவர் கைகளைப் பார்த்தார். அப்பா முகத்தைத் துவாயால் மூடிக்கொண்டு அழுதார். இந்தமுறை ஹார்ப் பதில் சொல்லவில்லை, ஏனென்றால் நான் அதன் பக்கத்தில் இருந்து தந்திகளைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

வெளிச்சம் குறைய வந்தவர் எழும்பினார். வாசலில் குனிந்து சப்பாத்துக் கட்டினார். நிமிர்ந்து எங்கள் மூன்று பேரையும் பார்த்தார், தலையை அசைத்தார், ஒன்றும் சொல்லாமல் படியிறங்கினார். அவர் ஊரில் பழகியவர், அவருக்குத் தெரியும். ஆனால் அப்பாவுக்கு இத்தனை வருடப் பழக்கம். ஈரத் துவாயைப் பிடித்தபடி வாசலுக்கு விரைந்து, "தம்பி, சொல்லிப்போட்டு..." என்று தொடங்கினார்.

அம்மா அப்பாவின் கையைப் பிடித்தார்.

"விடுங்கோப்பா" என்றார். "சொல்லாமல் போகட்டும்."

நான் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு, நானும் சொல்லாமல், அவருக்குப் பின்னால் இறங்கினேன்.